வலது மடிப்பு மேலே

நெரிமா ஸ்டேஷனுக்கு எதிரே இருக்கும் கடையில், பத்திரிகை அலமாரிக்கு முன்னால் நின்றபடி மாத இதழைப் புரட்டிக்கொண்டிருந்த மிசாவோவின் கை ஒரு பக்கத்தில் நின்றுவிட்டது. அவள் வேலை பார்க்கும் ஓவியக்கூடத்துக்கு இலவசப் பிரதி வரும்தான். ஆனாலும் காசு கொடுத்து வாங்குகிறவர்கள் பார்ப்பதுபோலத் தானும் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று மாதாமாதம் இங்கே வந்து நிற்பாள். வழக்கமாகக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மூடி வைத்துவிடுவாள். அன்று கடைக்காரப் பெண் இரண்டு தடவை கனைத்தும் மூடவில்லை.

'மழை விட்ட தெரு' என்ற தொடர் படக்கதையில் அந்த மாத அத்தியாயத்தின் கடைசிப் பக்கம் அது. முழுப்பக்கப் படம். நூறு வருஷத்துக்கும் முந்தைய மேய்ஜி காலத்துத் துறைமுக ஊரில், துணி வெளுத்துப் பிழைக்கும் ஒகினு என்ற பெண், மழை நின்றதும் வாசலுக்கு வந்து வானத்தைப் பார்க்கிறாள். மூக்குக்கண்ணாடி தேய்க்கும் செய்ஜிரோ தன் மனசைச் சொல்வான் என்று வருஷக்கணக்காகக் காத்திருக்கிறவள். முகம் ஓவியக்கூடத்தை நடத்தும் சென்செய், அதாவது குருவம்மா, வரைந்தது. குறை சொல்ல ஒன்றுமில்லை. கிமோனோ மிசாவோ வரைந்தது. அந்தக் கிமோனோவின் வலது மடிப்பு மேலே கிடந்தது.

இந்த நாட்டில் பால்வாடிப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம் இது. உயிரோடு இருப்பவர்களுக்கு இடது மடிப்பு மேலே. வலது மடிப்பை மேலே போட்டுக் கட்டுவது பிணத்துக்கு மட்டும்தான். வெந்நீர்க் குளத்து விடுதியில் யாராவது தூக்கக் கலக்கத்தில் மாற்றிக் கட்டிக்கொண்டு வந்தால், முன்பின் தெரியாதவர்கள்கூட "ஐயையோ" என்று ஓடிவந்து பிரித்துக் கட்டிவிடுவார்கள். அப்படிப்பட்ட ஊரில், ஒகினுவுக்குப் பிணக்கோலம் போட்டு, அச்சடித்து, கடைக்குக் கடை அனுப்பியாகிவிட்டது. சென்செய் கண்ணிலும் படவில்லை, பத்திரிகை ஆபீசில் திருத்துகிறவர்கள் கண்ணிலும் படவில்லை. கெடு நெருங்கினால் கண் எல்லாருக்கும் இருக்கும், பார்வைதான் இருக்காது.

எப்படி நடந்தது என்று மிசாவோவுக்கு அந்த நிமிடமே தெரிந்துவிட்டது. இந்தப் பக்கத்தில் சென்செய்யின் பென்சில் கோட்டின்மேல் அவள் மை போட்டது ஜனவரிக் கடைசியில். அதே வாரம்தான் அவளுடைய அக்கா ஃபுசாயே, சமையலறையில் அரிசி களைந்துகொண்டிருந்தவள், அப்படியே சரிந்து போய்ச் சேர்ந்தாள். அக்காவுக்கு வெள்ளை உடுத்திவிட்டது மிசாவோதான். ஈமக்காரர் பக்கத்தில் நின்று, "வலது பக்கத்தை மேல கொண்டுவாங்க. ஆமா, அப்படித்தான். கை பழகினபடி போகும், பார்த்துக்குங்க" என்று மெதுவாகச் சொல்லிக்கொடுத்தார். கை அந்தப் பாடத்தை நன்றாகப் படித்துக்கொண்டு, ஓவியக்கூடத்துக்கு வந்தும் ஒப்பித்துவிட்டது.

மிசாவோவைப் பற்றி ஊரில் யாரும் அதிகம் பேசியதில்லை. பேசவைக்கும்படி அவளும் நடந்துகொண்டதில்லை. வடக்கே அகிதாப் பக்கத்துப் பெண். அம்மா போனபிறகு வளர்த்தது அக்கா. இருபத்துச் சொச்ச வயதில் தன் பெயரில் ஒரு சின்னப் படக்கதை வெளியிட்டாள். இந்தப் பத்திரிகைகளில், பிடித்த கதை எது என்று எழுதி அனுப்ப வாசகருக்கு ஓர் அட்டையைச் சேர்த்தே தைத்திருப்பார்கள். அதில் வருவதுதான் தீர்ப்பு. அட்டை குறைந்த கதை ஒவ்வொரு மாதமும் பின்பக்கத்துக்கு நகர்ந்து நகர்ந்து, ஒருநாள் இதழைவிட்டே விழுந்துவிடும். மிசாவோவின் கதைக்குக் கிடைத்தது கடைசி இடம். அதோடு தன் பெயரை மடித்து வைத்துவிட்டு, ஹிரானுமா சென்செய்யிடம் உதவியாளாகச் சேர்ந்தாள். மனிதர்களின் முகமும் கையும் சென்செய்யுடையது. உடுப்பு, மடிப்பு, நாடா, பூ வேலை எல்லாம் மிசாவோவுடையது. அன்றிலிருந்து இன்றுவரை ஐம்பது வயதைத் தாண்டியும் அதே மேஜை. அக்காவும் அவளும் ஒரே வீடு, ஒரே சோற்றுப்பானை. இரண்டு பேருக்குமே கல்யாணம் ஆகவில்லை. ஆகவில்லை என்ற குறையும் பெரிதாக இல்லை.

அக்கா செத்ததை அவள் ஓவியக்கூடத்தில் யாரிடமும் சொல்லவில்லை. கேட்டால் சிரிப்பீர்கள். கெடு வாரமாம். எல்லாரும் கண் சிவந்து உட்கார்ந்திருக்கிறார்களாம். அந்த நேரத்தில் போய்ச் சாவுச் செய்தி சொல்லி அவர்களைச் சங்கடப்படுத்தக்கூடாதாம். "சொந்த வேலை" என்று சொல்லி இரண்டு நாள் லீவு எடுத்து, எரித்து, எலும்பு பொறுக்கி, மூன்றாம் நாள் வந்து பேனாவை எடுத்துவிட்டாள். இந்த மண்ணில் பிறந்தவர்களுக்கு மட்டுமே வரும் கிறுக்கு இது. அஸ்திக் கலசத்தை ஊருக்குக் கொண்டுபோய்ப் புதைத்திருக்க வேண்டும். அதுவும் வெள்ளைத் துணி சுற்றியபடி சோற்றுப்பானைக்கு மேல்தட்டில் இன்னும் இருந்தது.

அன்று ஓவியக்கூடத்துக்கு நடந்த நடை நடையே இல்லை. பாதி வழியில் திரும்பினாள், மறுபடி நடந்தாள், சிக்னலில் பச்சை விழுந்தும் நின்றாள். சொல்லிவிடலாம், மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டே படியேறினாள்.

கதவைத் திறந்ததுமே இன்னொரு உதவியாளான தோமொயே, கைபேசியும் கையுமாக எழுந்து வந்தாள். கட்டிடம், தெரு, மழை எல்லாம் வரைவது அவள். நாக்கு நீளம்.

"உட்காருங்க மிசாவோசான். நின்னுக்கிட்டே கேட்டீங்கன்னா விழுந்துடுவீங்க. நம்ம ஒகினு ஊரையே ரெண்டாக்கிட்டா!"

"சென்செய் பார்த்தாங்களா?"

"பார்த்துட்டுக் குளியலறைக்குள்ள போனவங்கதான், இன்னும் வரலை. வாசகருங்க எழுதினதைக் கேளுங்க முதல்ல. 'ஒகினு சாகப்போகிறாள். மடிப்பைப் பாருங்கள், இது சென்செய் கொடுக்கும் குறிப்பு. மூன்றாவது புத்தகத்தில் இருமினாளே, மறந்துவிட்டதா?'" தோமொயே தலையில் அடித்துக்கொண்டாள். "அவ மிளகாய் வறுத்த நெடியில இருமினா! நான்தான் அந்தப் புகையை வரைஞ்சேன்!"

"வேற?"

"'குறிப்பாவது மண்ணாவது. கிமோனோக் கதை போடுகிறவர்களுக்கு மடிப்புகூடத் தெரியவில்லை என்றால் பேனாவைக் கீழே வைக்கட்டும்.' இது ஒரு கூட்டம். இன்னொருத்தன் எழுதறான் பாருங்க: 'ஒகினு எப்போதோ செத்துவிட்டாள். செய்ஜிரோ பார்ப்பது ஆவியை. அதனால்தான் இத்தனை வருஷமாக அவள் விரலைக்கூடத் தொடவில்லை.'" தோமொயே விழுந்து விழுந்து சிரித்தாள். "மூக்குக்கண்ணாடி தேய்க்கிறவனுக்குக் கண்ணு தெரியலையாம்! கடைசியா இது: 'அப்பாடா, ஏதோ ஒன்று நடந்ததே! இந்தக் கதையில் ஏதாவது நடக்காதா என்று காலேஜில் சேர்ந்த நாளிலிருந்து காத்திருக்கிறேன். இப்போது என் பிள்ளை பள்ளிக்கூடம் போகிறான்.'"

மிசாவோவுக்குச் சிரிப்பு வரவில்லை. பேனாவைக் கீழே வைக்கட்டும் என்றவன் தன் முகத்தைப் பார்த்தே சொன்னதாகப் பட்டது.

சென்செய் வெளியே வந்தார். அறுபதைத் தாண்டிய, சிகரெட்டை விட்டதிலிருந்து வாயில் புளிப்பு மிட்டாய் ஒதுக்கிக்கொண்டே இருக்கும் அம்மாள். கோபக்காரி. கோபம் வந்தால் கத்துவார், கத்தி முடித்ததும் பசிக்கும்.

"நானா அப்படிப் போட்டேன்?" என்றார் யாரையும் பார்க்காமல். "பென்சில்ல நான்தான் அப்படிப் போட்டிருப்பேன் போல. எனக்குள்ளயே இவளை முடிச்சுட்டா தேவலைன்னு ஒரு நினைப்பு ஓடிக்கிட்டிருந்துச்சு. கை சொல்லிடுச்சு."

"சென்செய், அது..." என்று மிசாவோ தொடங்கினாள்.

வாசல் மணி அடித்தது. பத்திரிகை ஆசிரியர் முரோய், ஒரு பெட்டி கிரீம் பன்னோடு செருப்பை உதறிவிட்டு உள்ளே பாய்ந்தார். போன வாரம்வரை, "கதை கொஞ்சம் மெதுவாப் போகுதுன்னு மேலிடத்துல நினைக்கிறாங்க" என்று இழுத்து இழுத்துப் பேசியவர். இன்றைக்கு முகமெல்லாம் பல்.

"சென்செய்! என்கிட்டகூடச் சொல்லாம இப்படிப் பண்ணிட்டீங்களே! என்ன தைரியம்! ஒரு வார்த்தை கிடையாது, இருமல் கிடையாது, வெறும் ஒரு மடிப்பு! ஆபீஸ்ல போன் ஓயலை. கடைசிப் பக்கத்துக்குப் போகவிருந்த கதை, அடுத்த இதழ்ல முதல் பக்கம், கலர்ல!"

இந்த இடத்தில் சென்செய், "அட, அது தப்பு ஐயா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் பாராட்டு என்பது அந்த வீட்டுப் பக்கம் வந்து வெகுகாலம் ஆகியிருந்தது. மிட்டாயை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாற்றிவிட்டு, "ம்" என்றார். அவ்வளவுதான். அந்த ஒரு "ம்"மில் ஒகினுவின் சாவு நிச்சயமாகிவிட்டது.

முரோய் பன்னைத் தின்றுகொண்டே திட்டம் சொன்னார். அடுத்த இதழில் காய்ச்சல், அதே இதழின் முடிவில் சாவு. செய்ஜிரோ தான் தேய்த்த கண்ணாடியைச் சவப்பெட்டிக்குள் வைப்பான். நாடே அழும். இலையுதிர்காலத்தில் சென்செய்யின் புதுக் கதை ஆரம்பம். சென்செய்யும் தலையாட்டினார். வரைந்து வரைந்து அவருக்கும் அலுத்திருந்தது, அதைக் குற்றம் என்று சொல்ல முடியாது. தோமொயே மட்டும், "பாவம்" என்றாள். மிசாவோ எல்லாருக்கும் தேநீர் ஊற்றினாள்.

அன்றிலிருந்து அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. பாத்திரம் கழுவ நின்றால் பாதியில் விட்டுவிட்டு ஜன்னலுக்குப் போனாள். ஜன்னலில் நின்றால் துவைத்த துணி நினைவுக்கு வந்தது. அக்கா படத்துக்கு முன்னால் கிண்ணத்தில் சோறு வைத்துவிட்டு, ஊதுவத்தி ஏற்ற மறந்து வெளியே போய், மறுபடி ஓடிவந்து ஏற்றினாள். சொன்னால் என்ன ஆகும்? சென்செய்யின் மானம் போகும், கலர்ப் பக்கம் போகும், கதை பழையபடி வாலுக்குப் போய் விழுந்துவிடும், தன் பிழைப்பும் அதோடு சரி. சொல்லாவிட்டால் ஒகினு செத்துப்போவாள். யோசித்தால் மைதான், காகிதம்தான். ஆனால் இத்தனை வருஷமாகக் காலையில் எழுந்ததும் ஒகினுவுக்கு இன்று என்ன உடுத்தலாம் என்றுதான் அவள் நினைத்திருக்கிறாள். மழைக்கு எது, திருவிழாவுக்கு எது, செய்ஜிரோ கடைப் பக்கம் போகிற அன்றைக்கு எது என்று பார்த்துப் பார்த்து உடுத்திவிட்டவளை, தன் கை பிசகினதற்காகக் கொல்லப் போகிறார்கள்.

தலைமுடி வெட்டிக்கொள்ளப் போனால் மனசு கொஞ்சம் ஆறும் என்று யாசுகோவின் அழகு நிலையத்துக்குப் போனாள். போயிருக்கவே கூடாது. மீன்கடைக்கார ஷிமாயோ சுருள்முடிக் குழாய்கள் மாட்டிய தலையோடு, அதே இதழை மடியில் வைத்துக்கொண்டு சண்டைக்குத் தயாராக உட்கார்ந்திருந்தாள். மிசாவோ ஏதோ படம் வரைகிறாள் என்பதுதான் அவர்களுக்குத் தெரியும். எந்தப் படம் என்று யாரும் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை.

"கொன்னுடட்டும் யாசுகோசான், என்ன இப்போ? ஒரு பொண்ணு எத்தனை காலம் வாசல்லயே நிக்கிறது? எங்க வீட்டு ஆளு பொண்ணு பார்க்க வந்த அன்னிக்கே காலு நீட்டி நாலு கிண்ணம் சோறு சாப்பிட்டாரு. இந்த செய்ஜிரோ இன்னும் 'இன்றைக்கு வெயில் நன்றாக இருக்கிறது'ங்கிறதைத் தாண்டலை!"

"உங்க வீட்டு ஆளு அன்னிலிருந்து இன்னி வரைக்கும் கிண்ணத்தை விட்டு நிமிரவே இல்லையே" என்றாள் யாசுகோ, மிசாவோவின் கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டே. "எனக்கு இந்த மெதுவுதான் பிடிக்குது. நாள் முழுக்க நின்னு காலு வீங்கிப்போய் வர்றேன். ஒருத்தன் ஒரு பொண்ணுக்காகக் குடையை விரிச்சு வச்சுட்டு ஓரமா நிக்கிறான். அதைப் பார்த்தா எனக்குப் போதும். அவளைக் கொன்னாங்கன்னா இந்தப் பத்திரிகையையே நிறுத்திடுவேன்."

"நிறுத்துவே! அடுத்த மாசம் முதல் ஆளா நீதான் புரட்டுவே, எப்படிச் செத்தான்னு பார்க்க."

"ஏன் ஷிமாயோசான், அது தப்பா விழுந்த படமா இருக்கக் கூடாதா?"

"தப்பா? செத்தவங்களுக்குக் கட்டுற மாதிரி எவளாவது தெரியாம வரைவாளா? வீட்டுல இழவு விழுந்திருந்தாக்கூட வரைய மாட்டா! மிசாவோசான், நீங்க சொல்லுங்க, நீங்கதான் படம் வரையறவங்களாச்சே. தப்பா இருக்குமா?"

மிசாவோ கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தாள். வாய் திறந்தது. "எனக்கு என்ன தெரியும்" என்றது. முடி வெட்டி முடிவதற்குள் எழுந்து நின்றுவிட்டாள். "போதும் யாசுகோசான், ஒரு வேலை இருக்கு" என்று துண்டோடு வாசல்வரை போய், துண்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு ஓடினாள். பின்னால் ஷிமாயோ, "இவங்களுக்கு என்ன ஆச்சு, ஒரு பக்கம் நீளமா ஒரு பக்கம் குட்டையா!" என்று கத்தினது தெருவரை கேட்டது.

மறுநாள் காலை ஓவியக்கூடத்தில் அவள் மேஜைமேல் ஒரு பக்கம் காத்திருந்தது. சென்செய் முகத்தை முடித்திருந்தார். ஒகினு படுத்திருந்தாள். கண் மூடியிருந்தது. நன்றாக வரைந்திருந்தார், பாவி மனுஷி. நன்றாக வரைந்ததுதான் தாங்க முடியவில்லை.

"வெள்ளை உடுப்பு, நாடா, காலுக்குக் கட்டுற பட்டை எல்லாம் நீ போட்டுடு" என்றார் சென்செய், தன் மேஜையிலிருந்து நிமிராமல். "அந்தக் காலத்து முறை தெரியணும்னா அலமாரியில புத்தகம் இருக்கு. பார்த்துப் போடு."

"புத்தகம் வேண்டாம் சென்செய்."

பேனாவை மையில் தோய்த்தாள். எடுத்தாள். கழுத்துக்கு நேரே கொண்டுபோனாள். கை போகவில்லை. எழுந்து போய்க் கை கழுவினாள். உட்கார்ந்தாள். பேனா முள்ளை மாற்றினாள். மறுபடி எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினாள், திரும்பி வந்து, மறுபடி போய்த் திறந்தாள்.

"எறும்பு கடிக்குதா?" என்றார் சென்செய். "காத்து வேணுமா வேண்டாமா, ஒண்ணு முடிவு பண்ணு."

"இவ சாக வேண்டாம்."

"என்னது?"

"ஒகினு சாக வேண்டாம் சென்செய். அது குறிப்பு இல்லை. தப்பு. நான் பண்ணின தப்பு. உங்க பென்சில்ல ஒண்ணுமே இல்லை, கழுத்துகிட்ட ஒரு கீறல்தான் இருந்துச்சு. மை போட்டது நான்."

தோமொயே மழைக்கோடு போட்டுக்கொண்டிருந்த அளவுகோலைத் தூக்கினாள்.

சென்செய் நாற்காலியைத் திருப்பினார். "இத்தனை வருஷத்துல ஒரு முடிச்சுகூடத் தப்பாப் போடாதவ நீ. உனக்கு மடிப்பு எப்படித் தப்பும்? என்னைக் காப்பாத்தறதுக்காகச் சொல்றியா?"

"அந்த வாரம்தான் அக்காவுக்குக் கட்டிவிட்டேன்."

"என்ன கட்டிவிட்டே?"

"வெள்ளை."

சென்செய்க்குப் புரிய ஒரு நிமிடம் பிடித்தது. "எந்த வாரம்?"

"ரெண்டு நாள் லீவு எடுத்தேனே."

"சொந்த வேலைன்னு சொன்னே!"

"சொந்த வேலைதானே சென்செய்."

"அறிவிருக்கா உனக்கு!" சென்செய் போட்ட சத்தத்தில் மேஜைமேல் இருந்த மிட்டாய் டப்பா கவிழ்ந்தது. "அன்னிக்கு நான் உன்னைப் பார்த்து என்ன கேட்டேன் தெரியுமா? 'லீவு எடுத்து நல்லாத் தூங்கிட்டு வந்த ஆளுக்கு வேகம் போதலையே'ன்னு கேட்டேன்! அக்காவை எரிச்சுட்டு வந்தவளைப் பார்த்து! என்னை அப்படிக் கேக்க வச்சுட்டியே, நான் என்ன மனுஷியா, மிருகமா? ஒரு வார்த்தை சொன்னா வாய் வெந்துடுமா?"

"பக்கம் முடிக்கணுமே. நீங்க எல்லாரும் தூங்காம இருந்தீங்க. அந்த நேரத்துல போய்..."

"பக்கமாம் பக்கம்! நாசமாப் போற பக்கம்!"

மிசாவோ பெரிய சத்தமாகப் பேசி அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. அன்று கேட்டார்கள். "என் கை பிசகினா அதுக்கு ஒகினு என்ன பண்ணினா? அவ ஏன் சாகணும்? ஒருத்தியைக் கட்டி அனுப்பிட்டு வந்தேன். இவளையும் என்னையே கட்டச் சொல்றீங்களே! என்னால முடியாது சென்செய். வேலையை விட்டு அனுப்பினாலும் சரி. என்னால முடியாது."

தோமொயே குனிந்து தரையில் சிதறிய மிட்டாய்களைப் பொறுக்கத் தொடங்கினாள். சென்செய் எழுந்து வந்து, கண் மூடிய ஒகினு இருந்த பக்கத்தை மிசாவோவின் மேஜையிலிருந்து எடுத்து, இரண்டாகக் கிழித்துக் குப்பைத்தொட்டியில் போட்டார். பிறகு முரோய்க்குப் போன் செய்தார்.

"முரோய்சான், ஒகினு சாகலை... இல்லை, அடுத்த மாசமும் சாகலை... அது குறிப்பு இல்லை ஐயா, தப்பு. நீங்க புகழ்ந்தீங்க, நான் வாங்கிக்கிட்டேன், வெக்கக்கேடு... கலர் போகுமா? போகட்டும்... வாசகர் கேலி பண்ணுவாங்களா? பண்ணட்டும், அவங்க காசு கொடுக்கிறாங்க... இலையுதிர்காலத்துல முடிச்சுடணுமா?" இங்கே சென்செய் மிசாவோவைப் பார்த்தார். மிசாவோ தலையசைத்தாள். "சரி. முடிச்சுக்கலாம். ஆனா அவ உயிரோட இருக்கிறப்பவே முடிப்பேன்."

அடுத்த இதழில் கடைசிக்குப் பக்கத்தில், பொடி எழுத்தில் மூன்று வரி வந்தது. சென்ற இதழில் ஒகினுவின் கிமோனோ தவறாக வரையப்பட்டுவிட்டது, வருந்துகிறோம் என்று முதல் இரண்டு வரி. மூன்றாவது வரியை ஆபீசில் வேண்டாம் என்றார்களாம். அது இல்லாவிட்டால் படமே தரமாட்டேன் என்று சென்செய் பிடிவாதம் பிடித்தாராம். 'ஒகினு நலமாக இருக்கிறாள், கவலை வேண்டாம்.'

வாசகர்கள் விடுவார்களா? பிழை என்று முதலிலேயே சொன்னவர்கள் குதித்தார்கள். சாவு என்று சொன்னவர்கள், பயந்து பின்வாங்கிவிட்டார் சென்செய் என்று கோபப்பட்டார்கள். ஆவிக்காரன் மட்டும் அசையவே இல்லை. மன்னிப்புக் கேட்டதே அந்த ஆவிதான் என்று எழுதினான். ஷிமாயோ மீன்கடையில் வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "அழுறதுக்குத் துணி எல்லாம் எடுத்து வச்சேன், ஏமாத்திட்டாங்க" என்றாள். யாசுகோ பத்திரிகையை நிறுத்தவில்லை. அவர்களில் யாருக்கும் ஃபுசாயே என்று ஒருத்தி இருந்தது தெரியாது, தெரிந்துகொள்ள வேண்டிய கடமையும் இல்லை.

கோடையின் தொடக்கத்தில் அந்த அத்தியாயங்களைச் சேர்த்துப் புத்தகமாகப் போடும் வேலை வந்தது. புத்தகத்தில் அந்தப் படம் சரியாக இருக்க வேண்டும். சென்செய் மூலப் பக்கத்தை எடுத்துவந்து மிசாவோவின் முன்னால் வைத்து, "நீயே மாத்து" என்றார்.

மிசாவோ வெள்ளை மைப் புட்டியைத் திறந்தாள். கழுத்திலிருந்து இடுப்பு நாடாவரை இறங்கிய அந்தக் கோட்டை மெல்லிய தூரிகையால் மூடினாள். காயும்வரை ஊதினாள். பிறகு இடது மடிப்பை மேலே கொண்டுவந்து, ஒரே மூச்சில் கோடு இழுத்தாள். பூ வேலையை இரண்டு இடத்தில் ஒட்டவைத்தாள். தேநீர் ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. மழை விட்ட தெருவில் உயிருள்ள ஒரு பெண் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

இவ்வளவுதானா என்று இருந்தது மிசாவோவுக்கு. கொஞ்சம் வெள்ளை மை, ஒரு கோடு, ஒருத்தி எழுந்து நின்றுவிட்டாள். அன்றைக்கு அந்த அறையில் அக்காவின் வலது மடிப்பை மேலே இழுத்து, சுருக்கம் இல்லாமல் நீவிவிட்டதை இனி எந்தக் கையாலும் மாற்றிக் கட்ட முடியாது. அக்கா இல்லை. காலையில் இல்லை, சாயங்காலம் இல்லை, ஒகினு வந்துவிட்ட பிறகும் இல்லை. ஜனவரியிலிருந்து ஓரிடத்தில் நிற்காமல் அலைந்தவள் இப்போது நாற்காலியைவிட்டு அசைய முடியாமல், மேஜைமேல் கவிழ்ந்து வாய்விட்டு அழுதாள். "அக்கா, அக்கா" என்று சின்னப் பிள்ளை மாதிரி அழுதாள்.

தோமொயே பயந்துபோய் எழுந்தாள். சென்செய் அவளைக் கையால் அமர்த்திவிட்டு வந்து, மிசாவோவின் முகத்துக்குக் கீழே இருந்த பக்கத்தை மெதுவாக உருவி எடுத்தார்.

"அழு" என்றார். "எவ்வளவு வேணும்னாலும் அழு. மை இன்னும் காயலை, அதுதான் எடுத்தேன்."